ஊறுகாய் போகலாம், மாத்திரை போகக்கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஃபிளாட்டில் ஒரு சூட்கேஸுக்கு எடை பார்க்கும் வைபவம் நடந்தது. எதிர் வீட்டு அம்மா மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போகிறார். அவர் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷின் மேல் ஏறி நிற்க, அந்த அம்மா குனிந்து முள்ளைப் பார்க்க, சரிபார்த்துச் சொல்ல எங்கள் பிளாக்கே கூடிவிட்டது.

பெட்டிக்குள் என்ன? மாவடு, ஆவக்காய், பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, சுண்டைக்காய் வற்றல், பிரசவ லேகியம்... போதாதென்று ஓர் இட்லித் தட்டு. கேளம்பாக்கம் மளிகைக் கடை ஒன்று அப்படியே விமானம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"உங்க தங்கச்சியும் அங்கதானே இருக்காங்க? ஏதாவது குடுக்கணும்னா குடுங்க, எடுத்துட்டுப் போறேன்" என்றார் அந்த அம்மா, நல்ல மனசோடு.

"வேண்டாங்க" என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் முகம் வாடிவிட்டது.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நாலைந்து வருடத்துக்கு முன்னால் இதேபோல் ஒரு பார்சல் கொடுத்தனுப்பிப் பட்ட பாடு அப்படி! அதை எழுதலாமா என்று தங்கையிடம் போனில் கேட்டேன். "எழுதுக்கா. பேரை மட்டும் மாத்திடு" என்றாள். எல்லோர் பேரையும் மாற்றியிருக்கிறேன். புத்தியை மாற்ற என்னால் முடியாது.

தங்கையை சுஜா என்று வைத்துக்கொள்வோம். அவள் கணவர் ரகு, சாஃப்ட்வேர். திருக்கழுக்குன்றத்துப் பிள்ளை. தலைப்பிரசவத்துக்கு சுஜா செங்கல்பட்டில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். சிசேரியன். குழந்தை அழுகிற சத்தம் கேட்டு நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரும் அவர் நண்பர்களும் வரிசையாகப் போய் ரத்தம் கொடுத்தார்கள். வெகு நேரம் கழித்து வெளியே வந்த டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு டாக்டரம்மா ரகுவையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே சொன்னார். மூன்று வருஷத்துக்கு இன்னொரு குழந்தை என்ற பேச்சே கூடாது. உடம்பு தாங்காது. ரகு பவ்யமாகத் தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ரகுவுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. கொஞ்ச மாதம் கழித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுஜாவும் போய்ச் சேர்ந்தாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த கருத்தடை மாத்திரையை அரை வருஷத்துக்குப் போதுமான அளவு கையோடு எடுத்துப் போயிருந்தாள். அது தீர்ந்துபோகும் வரைக்கும் எல்லாம் சுபம்.

அங்கே அந்த மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. நம் ஊர் டாக்டர் சீட்டு அங்கே செல்லாது. அந்த ஊர் டாக்டரைப் பார்க்க ஒரு தொகை, பரிசோதனைக்கு ஒரு தொகை, அப்புறம் மாதாமாதம் மாத்திரைக்கு ஒரு தொகை. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்கிறீர்களா? இருந்தது. ரகுவின் கம்பெனி இன்சூரன்ஸ் பல்வலியிலிருந்து பிரசவம் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பணம் தரும். பிரசவம் வேண்டாம் என்றால் மட்டும் தராது. ஆனால் ஆண்களுக்கென்று ஒரு நீல மாத்திரை வந்திருக்கிறதே — அதற்கு உண்டாம்! போனில் சுஜா இதைச் சொன்னபோது நான் ஜோக் என்று நினைத்தேன்.

அவளுக்கு டிபென்டென்ட் விசா. வேலைக்குப் போகக்கூடாது. கார் ஓட்டத் தெரியாது. கையில் தனியாகப் பணம் கிடையாது. எதற்கும் ரகுவிடம்தான் கேட்க வேண்டும். ரகு, "இப்ப பட்ஜெட் டைட்டா இருக்கு, பாத்துக்கலாம்" என்றார். அந்த மாதம்தான் வீட்டுக்குப் பெரிய டிவி வந்தது.

சரி, ஆண்கள் உபயோகிக்கிற சமாசாரம் அங்கே கடையில் கிடைக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கும். சூயிங்கம் பக்கத்திலேயே தொங்குமாம். சீட்டும் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம். ஆனால் ரகுவுக்கு அது 'செட் ஆகாதாம்'. மனைவிக்கு ரத்தம் போனது மட்டும் செட் ஆகிவிட்டது.

"அக்கா, யாராவது வந்தா குடுத்து அனுப்பறியா?" என்று சுஜா கேட்டாள். இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் வரைந்து வைத்திருக்கிற தேசம் இது. பஸ்ஸுக்குப் பின்னால், ஆட்டோவுக்குப் பின்னால் எல்லாம் நாமிருவர் நமக்கிருவர். இங்கே ஒரு மாத்திரை வாங்குவதா கஷ்டம்?

முதலில் கோவளம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் போனேன். அங்கே இலவசமாகவே தருகிறார்கள். நர்ஸம்மா "ஆளு எங்கம்மா கீது?" என்று கேட்டார். அமெரிக்காவில் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாம்மா, காத்தாலயே தமாஷ் பண்ணிக்கினு இருக்க? கோவளத்துக்கே எனக்குப் பத்த மாட்டேங்குது, நான் அமெரிக்காவுக்கு எங்கேர்ந்து குடுக்கறது?"

நியாயம்தான். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

செங்கல்பட்டு டாக்டரம்மாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வார்த்தை உபதேசம் செய்யாமல், சுஜாவிடம் போனில் நாலு கேள்வி கேட்டுவிட்டு, புது சீட்டும் எழுதி, ஏர்போர்ட்டில் கேட்டால் காட்ட ஒரு கடிதமும் கொடுத்தார். இந்தக் கதையில் நம் ஊர்ப் பக்கத்தில் ஒழுங்காக நடந்துகொண்ட மனுஷி அவர் என்பதால் இதைக் குறித்து வைக்கிறேன்.

சீட்டோடு எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கடைக்காரருக்கு நான் வேலை பார்க்கிற பேங்க்கில்தான் அக்கவுன்ட். காய்ச்சல் என்று யார் வந்து நின்றாலும் சீட்டு கேட்காமல் வண்ண வண்ண மாத்திரையாகக் கத்தரித்துக் கொடுக்கிற தாராள மனசுக்காரர். அன்றைக்கு என் சீட்டை வாங்கி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மேடம், உங்களுக்கா?" என்றார்.

இருமல் மருந்து வாங்க வந்தவர், தைலம் வாங்க வந்தவர் எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. பெண் காலேஜில் படிக்கிறாள். தங்கைக்கு என்றேன்.

"ஆறு மாசத்துக்கு ஒட்டுக்காவா? இத்தினியும் வாங்கிக்கினு போயி நீங்க இன்னா, கடையா வெக்கப் போறீங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் ரெண்டு நியூஸ்பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் ஒரு கறுப்பு கவர் போட்டு, யார் கண்ணிலும் படாமல் கல்லாவுக்குக் கீழாக நீட்டினார். ஊருக்கே அறிவித்தாகிவிட்டது, அதன் பிறகு கறுப்பு கவர் எதற்கு? நம்மாட்களின் கூச்சம் எப்போதும் இப்படித்தான். வாயில் இருக்காது, கவரில் இருக்கும்.

இனி கொண்டுபோக ஆள் வேண்டும். ஆள் இரண்டாவது மாடியிலேயே இருந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். எல்லோருக்கும் அவர் ஹெச்.எம். சார். எங்கள் ஃபிளாட் சங்கத்தின் தலைவர். ரகுவுக்குத் திருக்கழுக்குன்றத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கூட. அவர் மகனும் அமெரிக்காவில் சுஜா இருந்த அதே ஊரில் இருந்தான். சாரும் அவர் மனைவி லலிதாம்மாவும் ஆறு மாதத்துக்குப் போகிறார்கள். "ரகு பொண்டாட்டிக்குத்தானே, என்ன வேணாலும் குடும்மா, கைக்குழந்தை மாதிரி கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்றார் சார்.

அடுத்தவர் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் வைப்பது தப்பு. அதனால் லலிதாம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, குழந்தைக்குச் சட்டை இருக்கிறது, இஞ்சி லேகியம் இருக்கிறது, சுஜாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை இருக்கிறது, இதோ கடிதம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். எதற்கான மாத்திரை, ஏன் என்பதையும் சொன்னேன். பிரசவத்தில் நடந்ததைக் கேட்டு லலிதாம்மா "அடப் பாவமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் கிளம்பிப் போய் ஒரு வாரம் கழித்து சுஜா போன் செய்தாள். காலையில் காபி கலந்துகொண்டிருந்தேன்.

"லேகியம் வந்துச்சுக்கா. சட்டை வந்துச்சு. மாத்திரையை வைக்க மறந்துட்டியா?"

வைத்தேனே! சாரிடமே கேள் என்றேன். கேட்டிருக்கிறாள். மகன், மருமகள், ரகு எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போது ஹெச்.எம். சார் சொன்ன பதில் இது:

"அதை ஒப்படைக்க வேண்டியவங்ககிட்ட ஒப்படைச்சுட்டேன்மா."

ஒப்படைக்க வேண்டியவர் யார்? சுஜாவின் மாமியார். கிளம்புவதற்கு முந்தின நாள் சார் சாமி கும்பிடத் திருக்கழுக்குன்றம் போனாராம். அப்படியே மாணவன் வீட்டுக்கும் போய், கறுப்பு கவரை மாணவனின் அம்மா கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். குடும்பத்துக்குள் ஒளிவுமறைவு கூடாதாம். மாவடுவைக் கடல் தாண்டிச் சுமக்கிற கைக்கு, ஒரு பெண்ணின் உடம்பைக் காப்பாற்றுகிற மாத்திரை அட்டை மட்டும் கனத்துவிட்டது.

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! மாத்திரை வாங்கியது நான், எழுதியது டாக்டர், சாப்பிட வேண்டியது சுஜா. இதில் இவர் எங்கே வந்தார்? கொண்டுபோக இஷ்டமில்லை என்றால் என் கையில் திருப்பிக் கொடுத்திருக்கலாமே? வேறு ஆளைப் பார்த்திருப்பேனே?

கவர் கைக்கு வந்த அன்றைக்கே மாமியார் ரகுவுக்குப் போன் போட்டிருக்கிறார். அழுகை. சாப்பிட மாட்டேன் என்ற மிரட்டல். ரகு என்ன செய்தார்? அவருக்குத் தெரிந்ததைச் செய்தார் — போனிலேயே தலையை ஆட்டினார். ஒரு வாரம் கழித்து விஷயம் வெளியே வந்த பிறகுதான் சுஜாவிடம் வந்து, பெரியவர்கள் மனதைக் கஷ்டப்படுத்த வேண்டாம், கொஞ்ச நாள் மாத்திரை இல்லாமல்தான் இருந்து பார்ப்போமே என்றாராம். இருந்து பார்க்க இது என்ன புது டூத்பேஸ்ட்டா?

சுஜா குழந்தையின் படுக்கையையும் தன் தலையணையையும் எடுத்துக்கொண்டுபோய் ஹாலில் போட்டுக்கொண்டு, பெட்ரூம் கதவைச் சாத்திவிட்டாள். படித்த பெண், அமெரிக்கா, எல்லா வசதியும்... கடைசியில் அவளிடம் மிச்சம் இருந்த ஒரே பாதுகாப்பு ஒரு கதவுதான்.

நான் ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றத்துக்குக் கிளம்பினேன். கோவளம் வரைக்கும் ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ஈ.சி.ஆர். பஸ், மாமல்லபுரத்தில் இறங்கி இன்னொரு பஸ். வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சுஜாவின் மாமியார் கதவைத் திறந்து, வா என்றுகூடச் சொல்லாமல் நாற்காலியைக் காட்டினார்.

"எங்க வம்சத்துக்கே பூட்டு போடலாம்னு பாத்தீங்களா, அக்காளும் தங்கச்சியுமா?" என்றார்.

ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது. பிரசவத்தில் நடந்ததைச் சொன்னேன். எத்தனை பேர் ரத்தம் கொடுத்தார்கள், டாக்டரம்மா ரகுவை வைத்துக்கொண்டே என்ன சொன்னார்... எல்லாம். அவர் அசையவில்லை. பெண்ணாகப் பிறந்தால் ரத்தம் போகத்தான் செய்யும் என்றார்.

"நான் அஞ்சு பெத்தவ. எனக்கு எந்த டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்தான்?"

"அஞ்சுல இப்ப எத்தனை பேர் அத்தை இருக்காங்க?"

கேட்டுவிட்டேன். ஜெயிப்பதற்காகக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. ரகுவும் அவர் அக்காவும் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். பிறகு, "காபி குடிச்சிட்டுப் போ" என்று உள்ளே போய்விட்டார்.

காபி வந்தது. மாத்திரை வரவில்லை.

திரும்பி வரும்போது அந்த அம்மா மேல் எனக்கு முழுசாகக் கோபப்பட முடியவில்லை. ஐந்து பெற்று மூன்றைப் பறிகொடுத்த ஒருத்தி, அதுதான் பெண் ஜென்மம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாவிட்டால் எப்படி உயிரோடு இருந்திருப்பாள்? மிச்சம் வைத்த கோபத்தையும் சேர்த்து ஹெச்.எம். சார் கணக்கில் எழுதிக்கொண்டேன். அவர் எதையும் பெறவும் இல்லை, இழக்கவும் இல்லை. உபதேசம் மட்டும் செய்தார்.

நான் இங்கே பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது, அங்கே சுஜாவுக்கு வழி திறந்தது சலவை மெஷின் அறையில். அவர்கள் இருந்த அபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. அங்கே அடிக்கடி பார்க்கிற மெக்ஸிகோக்காரப் பெண், பெயர் ரோசா. மூன்று பிள்ளைகள். வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை. ரோசாவின் இங்கிலீஷும் சுஜாவின் இங்கிலீஷும் ஒரே அளவில் நொண்டும், அதனால் ரெண்டு பேருக்கும் கூச்சம் இல்லை. சுஜா அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டே அழுதிருக்கிறாள். என்னவென்று ரோசா கேட்க, சுஜா குழந்தையைக் காட்டி, தன் வயிற்றைக் காட்டி, போதும் என்று கையை அசைத்திருக்கிறாள். அதற்கு மேல் மொழி தேவைப்படவில்லை. மறுநாள் காலை ரோசாவின் கார் வாசலில் நின்றது.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக். வருமானத்துக்கு ஏற்ற மாதிரி கட்டணம் வாங்குகிற இடம். வருமானமே இல்லாதவர்களும் போகலாம். வாசலில் ஒரு வயதான மனிதர், கருத்தடை, கருக்கலைப்பு எல்லாம் பாவம் என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகிற பெண்களைப் பார்த்து என்னவோ கத்திக்கொண்டிருந்தாராம். ரோசா ஹாரனை அழுத்தி அவரை நகர வைத்திருக்கிறாள். பார்த்தீர்களா? எல்லா ஊரிலும் ஒரு ஹெச்.எம். சார் இருக்கிறார்.

உள்ளே ஒரு நர்ஸ் பிரஷர் பார்த்தாள். முந்தின பிரசவத்தைப் பற்றி விசாரித்தாள். டாக்டர் வந்து பரிசோதித்தார். எந்தெந்த முறை இருக்கிறது, எதில் என்ன தொந்தரவு வரும் என்று நிதானமாகச் சொன்னார்கள். பிறகு நர்ஸ், "உங்களுக்கு இது வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள். வேண்டும் என்றாள் சுஜா. சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தாள். கணவர் எங்கே, அவர் சம்மதித்தாரா, மாமியாருக்குத் தெரியுமா, ஒரு குழந்தைதானே இருக்கிறது...

அடுத்த கேள்வி வரவே இல்லை. மாத்திரையைக் கொடுத்து, தீர்ந்ததும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் பர்ஸில் இருந்த சில்லறையே கட்டணத்துக்குப் போதுமானதாக இருந்தது.

அன்றைக்கு அவள் எனக்குப் போன் செய்து முதலில் சொன்னது இதுதான்: "அக்கா, என்னை மட்டும்தான் கேட்டாங்க."

நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். இட்லி வெந்துவிட்டதா என்று பார்க்க வந்த என் வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுப் போனார்.

இதைப் படித்துவிட்டு அமெரிக்கா சொர்க்கம் என்று நான் சொல்வதாக எழுதிப்போடாதீர்கள். நீல மாத்திரைக்குப் பணம் கட்டுகிற இன்சூரன்ஸும் அங்கேதான் இருக்கிறது. அந்த நாட்டில் அவளுக்குக் கிடைத்தது ஒரு ரோசா. ரோசா இல்லாவிட்டால் அந்த கிளினிக் இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது. ரகு படித்த பெரிய காலேஜும், ஹெச்.எம். சார் நாற்பது வருஷம் பிடித்த சாக்பீஸும் செய்யாததை, வீடு கூட்டப் போகிற ஒரு பெண் ஒரு கார் பயணத்தில் செய்துவிட்டாள்.

அன்று மாலையே சுஜா ரகுவிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். போனேன், வாங்கினேன், இனிமேலும் போவேன். ரகு யோசித்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாதே" என்றாராம். ஒரு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு அந்த ஆண்மகனின் மொத்தப் பங்களிப்பும் இந்த ஒரு வாக்கியம்தான்.

டாக்டரம்மா சொன்ன கெடு முடிந்து, உடம்பு தேறி, அவளே விரும்பித்தான் இரண்டாவது குழந்தை பெற்றாள். சுகப்பிரசவம் இல்லை, ஆனால் சுகமாக இருக்கிறாள். மாமியார் தன்னுடைய விரதத்தால் பிறந்த பேரன் என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் ஹெச்.எம். சார் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த கதையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அப்போது இரண்டாவது குழந்தை என்ற பேச்சே எடுக்கவில்லை, சுஜா கிளினிக் போய்வர ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சார் சாக்லேட் டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, அந்த ஊரின் ரோடு, சுத்தம், ஒழுக்கம் எல்லாவற்றையும் புகழ்ந்தார். லலிதாம்மா என் முகத்தைப் பார்க்காமல் சாக்லேட் பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தார். கவரைப் பற்றி சார் ஒரு வார்த்தை பேசவில்லை. நானாகப் பேச வாயெடுத்தபோது, அவரே குரலைத் தாழ்த்தி, ரொம்ப அக்கறையாக ஆரம்பித்தார்.

"உன் தங்கச்சியைப் பாத்தேம்மா. நல்லாத்தான் இருக்கா. ஆனா இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லை போலிருக்கே? நல்ல டாக்டரா பாத்து ஒரு தடவை போகச் சொல்லேன்."

"போயிட்டுத்தான் சார் இருக்கா" என்றேன்.